மலை ஏறும்போது மூச்சு வாங்கும் பழசு... லேப்டாப் கேட்கும் புதுசு! தீயணைப்பு வண்டிக்குள் எத்தனை குதிரை?

தேனி:

கோடை தொடங்கிவிட்டால் தேனி மாவட்டத்தில் தீயணைப்பு வண்டிகளுக்கு ஓய்வு கிடையாது. காலையில் கம்பம் பக்கம் வைக்கோல் படப்பு, மதியம் ஆண்டிபட்டி பக்கம் பஞ்சு குடோன், சாயங்காலம் போடி மலையடிவாரத்தில் புல் தீ என்று மணி அடித்துக்கொண்டே இருக்கும். வண்டி வர கொஞ்சம் தாமதமானால் போதும், "எல்லாம் எரிஞ்சு முடிஞ்ச பிறகு வர்றாங்க" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்கும். வண்டியில் உட்கார்ந்து வருபவருக்குத்தான் தெரியும், அந்த வண்டி எவ்வளவு இழுக்கும், எங்கே இழுக்காது என்பது.

பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் என்ன வித்தியாசம்? புதுசு வந்துவிட்டால் போடிமெட்டுக்கு பத்து நிமிடத்தில் போய்விடுமா? பழசை காயலான் கடைக்கு அனுப்பியே ஆக வேண்டுமா? கொஞ்சம் விவரமாக பார்ப்போம்.

நெற்றியில் எழுதிய கணக்கு

தமிழகத்தில் ஓடிய, ஓடும் தீயணைப்பு வண்டிகள் பெரும்பாலும் அசோக் லேலண்ட் அல்லது டாடா. சாதாரண லாரிக்கு வரும் அதே சேஸ்தான். அதன் மேல் தண்ணீர் தொட்டி, பம்பு, ஏணி, ஹோஸ் எல்லாம் ஏற்றி கட்டுகிறார்கள். ஆக தீயணைப்பு வண்டியின் தெம்பு என்பது அந்தக் காலத்து லாரியின் தெம்புதான். தனியாக பிறந்த வண்டி கிடையாது.

டாடா கம்பெனி 1954ல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்சுடன் கூட்டு சேர்ந்து லாரி தயாரித்தது. 1969ல் ஒப்பந்தம் முடிந்தது. ஆனாலும் அந்த எஞ்சின் குடும்பம் பல ஆண்டுகள் நம்ம ரோட்டில் ஓடியது. பழைய ஆட்கள் "பென்ஸ் லாரி" என்று சொல்வது இதனால்தான். டாடா வண்டியின் முகத்தில் 1210, 1613 என்று எண் இருக்கும். முதல் இரண்டு எண் மொத்த எடை எத்தனை டன் என்பதையும், அடுத்த இரண்டு எண் குதிரைசக்தி எத்தனை பத்து என்பதையும் குறிக்கும். 1210 என்றால் 12 டன், சுமார் 100 குதிரை. 1613 என்றால் 16 டன், 130 குதிரை.

இந்த வண்டிகளுக்கு வந்த 697 என்ற எஞ்சினும் அப்படித்தான். 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மில்லிமீட்டர் அகலம். மொத்தம் 5675 சி.சி. இதிலேயே முதலில் டர்போ இல்லாத வகையும், பிறகு டர்போ வைத்த வகையும் வந்தது.

இப்போது ஒரு சின்ன வகுத்தல் போட்டு பாருங்கள். 100 குதிரையை 12 டன்னுக்கு பங்கு போட்டால் டன்னுக்கு சுமார் 8.3 குதிரை. 130 குதிரையை 16 டன்னுக்கு பங்கு போட்டால் சுமார் 8.1 குதிரை. அதாவது எஞ்சின் பெரிசாச்சு, கூடவே எடையும் ஏறிடுச்சு. மேட்டில் வேகம் பெரிதாக மாறவில்லை. கூடுதலாக தண்ணீர் கொண்டு போக முடிந்தது, அவ்வளவுதான். வாங்குகிறவர்கள் குதிரைசக்தியை மட்டும் பார்த்து ஏமாறுகிற இடம் இதுதான்.

இப்போது வரும் பி.எஸ்.6 லாரிகளில் 160 முதல் 200 குதிரை வரை சாதாரணமாக கிடைக்கிறது. 2018ல் மத்திய அரசு இரண்டு ஆக்சில் லாரியின் அனுமதி எடையை 16.2 டன்னில் இருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. 200 குதிரையை 18.5 டன்னுக்கு பங்கு போட்டாலும் டன்னுக்கு கிட்டத்தட்ட 11 குதிரை வருகிறது. பழசை விட மூன்றில் ஒரு பங்கு அதிகம். இது நிஜமான முன்னேற்றம். ஆனால் தொட்டியை பெரிசாக்கி, முழு எடைக்கும் சாமான் ஏற்றினால்தான் இந்தக் கணக்கு. எடையை 16 டன்னிலேயே நிறுத்தி வைத்தால் டன்னுக்கு 12 குதிரைக்கு மேல் கிடைக்கும்.

ஒப்பிட வேண்டுமானால் விமான நிலைய வண்டியை பார்க்கலாம். ஆஸ்திரியாவின் ரோசன்பாவர் கம்பெனி தயாரிக்கும் பேந்தர் என்ற ஆறு சக்கர வண்டிக்கு சுமார் 700 குதிரை. டன்னுக்கு 20 குதிரை வாக்கில் வருகிறது. ஓடுபாதையில் சில நிமிடத்துக்குள் போய் சேர வேண்டும் என்பதற்காக அப்படி கட்டுகிறார்கள். அந்த வண்டியை போடி கொண்டை ஊசி வளைவில் திருப்ப நினைத்தால் அங்கேயே நின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

போடிமெட்டு பரீட்சை

முந்தலில் இருந்து போடிமெட்டுக்கு சுமார் 20 கிலோமீட்டர். 17 கொண்டை ஊசி வளைவு. போடிமெட்டின் உயரம் சுமார் 4500 அடி. அடிவாரத்தில் இருந்து ஏற வேண்டிய உயரம் மட்டும் 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

16 டன் வண்டியை 1000 மீட்டர் உயரத்துக்கு 40 நிமிடத்தில் ஏற்ற வேண்டுமானால், மேலே தூக்குவதற்கு மட்டுமே சுமார் 90 குதிரை விடாமல் உழைக்க வேண்டும். டயர் உரசல், கியர் பெட்டியில் வீணாவது எல்லாம் தனி. 130 குதிரை எஞ்சினில் இதையெல்லாம் கழித்துவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. ஆக்சிலேட்டரை தரையோடு அழுத்தினாலும் சராசரியாக மணிக்கு 30 கிலோமீட்டர்தான். அதுவும் வளைவில் நிற்காமல், எதிரே ஏலக்காய் எஸ்டேட் ஜீப் வராமல் இருந்தால்!

இதில் 4500 லிட்டர் தண்ணீரின் எடை 4.5 டன். அந்த 90 குதிரையில் 25 குதிரை தண்ணீரை தூக்குவதற்கே போய்விடுகிறது. லோயர் கேம்ப்பில் பாருங்கள். பெரியாறு தண்ணீர் மலையில் இருந்து ராட்சத குழாய் வழியாக தானாக இறங்கி வந்து மின்சாரம் தருகிறது. பக்கத்து ரோட்டில் தீயணைப்பு வண்டி அதே தண்ணீரை டீசல் எரித்து மேலே சுமக்கிறது.

இன்னொரு சிக்கல் காற்று. மேலே போகப்போக காற்று லேசாகும். டர்போ இல்லாத பழைய எஞ்சின் ஒவ்வொரு 1000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் தெம்பை இழக்கும். போடிமெட்டு போய் சேரும்போது கடல் மட்டத்தில் 110 குதிரையாக இருந்தது 95 குதிரையாகிவிடும். டீசல் அதே அளவு இறங்கும், காற்று போதாது. அதனால்தான் கரும்புகை கக்கிக்கொண்டு ஏறும். டர்போ எஞ்சினில் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பு பெரும்பாலும் சரிக்கட்டப்படுகிறது. சின்னமனூரில் இருந்து 18 வளைவு ஏறி மேகமலைக்கு போகும் பாதைக்கும் இதே கதைதான்.

குதிரைசக்தியை விட மலையில் டிரைவருக்கு கைகொடுப்பது இழுவிசை, அதாவது டார்க். பழைய டர்போ இல்லாத எஞ்சினில் 350 நியூட்டன் மீட்டர் வாக்கில் கிடைத்தது. அதுவும் எஞ்சினை நன்றாக சுற்ற விட்டால்தான். புது 200 குதிரை எஞ்சின்களில் 700 வரை கிடைக்கிறது. 1200 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடும். வளைவில் வேகம் குறைந்த பிறகு மறுபடி எடுக்கும்போது இந்த வித்தியாசம் உடனே தெரியும். பழைய வண்டியில் வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறங்க வேண்டும். அதற்கு டபுள் கிளட்ச் அடிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங்கும் இல்லை. 17 வளைவு முடிப்பதற்குள் டிரைவருக்கு தோள்பட்டை கழன்றுவிடும். அதன் பிறகுதான் தீயை அணைக்கும் வேலையே ஆரம்பம்.

இறங்கும்போது என்ன ஆகும் என்பதை யாரும் கேட்பதில்லை. தொட்டியில் பாதி தண்ணீரோடு இறங்குவது முழு தொட்டியோடு இறங்குவதை விட ஆபத்து. உள்ளே தண்ணீர் அலை அடித்து வண்டியை ஒரு பக்கம் தள்ளும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது இதற்குத்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி பிடிக்காமல் போகும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று மலை ரோடு டிரைவர்கள் சொல்வார்கள். எக்சாஸ்ட் பிரேக் உள்ள வண்டியில் எஞ்சினே வேகத்தை பிடித்துக்கொள்வதால் கொஞ்சம் நிம்மதி.

தண்ணீர் அடிப்பதில் பழசு சளைத்ததல்ல

இங்கேதான் பலருக்கு ஆச்சரியம். ஏறுவதில் தோற்கும் பழைய வண்டி, தண்ணீர் அடிப்பதில் தோற்பதில்லை.

வண்டியை நிறுத்தியதும் டிரைவர் பி.டி.ஓ. என்ற இணைப்பை போடுவார். சக்கரத்துக்கு போக வேண்டிய எஞ்சின் சக்தி பம்புக்கு திரும்பும். நம் ஊர் தீயணைப்பு வண்டிகளில் அதிகமாக பயன்படும் பம்பு 7 கிலோ அழுத்தத்தில் நிமிடத்துக்கு 2250 லிட்டர் தள்ளக்கூடியது. இதற்கு தேவைப்படுவது சுமார் 60 குதிரைதான். 110 குதிரை எஞ்சின் இதை சாவகாசமாக செய்யும். 200 குதிரை எஞ்சின் மாட்டினாலும் பம்பு அதேதான் என்றால் தண்ணீர் ஒரு சொட்டு கூட அதிகம் வராது.

இங்கிலாந்தில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1950களில் அணுகுண்டு பயத்தில் பெட்ஃபோர்டு லாரியில் கட்டிய பச்சை நிற தீயணைப்பு வண்டிகள் அங்கே இருந்தன. 'கிரீன் காடஸ்' என்று பெயர். 110 குதிரை பெட்ரோல் எஞ்சின். மணிக்கு 70 கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். ஆனால் பம்பு நிமிடத்துக்கு சுமார் 4000 லிட்டர் தள்ளும். 2002ல் அங்கே தீயணைப்பு வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவம் இந்த 50 வயசு வண்டிகளைத்தான் ஓட்டியது. போய் சேர நேரமாச்சு, பவர் ஸ்டியரிங் இல்லை. ஆனால் போய் நின்ற பிறகு தண்ணீருக்கு குறைவில்லை.

பம்பு முழு வீச்சில் ஓடினால் 4500 லிட்டர் தொட்டி எத்தனை நேரம் தாங்கும்? இரண்டே நிமிடம்! இதனால்தான் அனுபவசாலிகள் ஒரே ஒரு ஹோஸ் போட்டு, அளவாக திறந்து, 10 நிமிடம் 15 நிமிடம் ஓட்டுவார்கள். "தண்ணி கம்மியா அடிக்கிறாங்க" என்று கூட்டம் திட்டும். அடுத்த தண்ணீர் எங்கே என்று அவர்கள் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வசதி, முல்லைப் பெரியாறும் வாய்க்கால்களும் கண்மாய்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. ரோட்டோரம் நிறுத்தி உறிஞ்சு குழாயை போட்டு இழுத்துக்கொள்ளலாம். ஆனால் பம்பு நிஜத்தில் 7 மீட்டர் ஆழத்துக்கு மேல் உறிஞ்சுவது கஷ்டம். எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் உறிஞ்சாது. வெளிக்காற்று அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது, எஞ்சின் அல்ல. தோட்டத்து கிணறுகள் நம் பக்கம் எவ்வளவு ஆழம் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே மிதவை பம்பு அல்லது தூக்கிச் செல்லும் சிறிய பம்புதான் வழி.

மலைச் சரிவில் இன்னொரு கழித்தல். ஹோசை 10 மீட்டர் மேலே கொண்டு போனால் 1 கிலோ அழுத்தம் குறையும். 40 மீட்டர் மேலே போனால் 7 கிலோவில் 3 கிலோதான் மிச்சம். ஹோஸ் உரசலில் போவது தனி. புது வண்டிகளில் இரண்டு அழுத்தத்தில் வேலை செய்யும் பம்பு வருகிறது. ஒரு பக்கம் சாதாரண அழுத்தம், மறுபக்கம் 35, 40 கிலோ அழுத்தத்தில் மெல்லிய ரீல் குழாய். கொஞ்சம் தண்ணீரை பனி மாதிரி சிதறடிக்கும். தீயின் சூட்டை சீக்கிரம் இழுக்கும். புது வண்டியின் உண்மையான பலம் எஞ்சினில் இருப்பதை விட இந்த பம்பில்தான் இருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை.

ஒரே இடத்தில் நின்று மணிக்கணக்கில் பம்பு ஓட்டும்போது எஞ்சின் கொதிக்கும். ஓடும் வண்டிக்கு எதிர்காற்று கிடைக்கும், நிற்கும் வண்டிக்கு அது கிடையாது. அதற்காக பம்பு தண்ணீரிலேயே ஒரு கிளையை எடுத்து எஞ்சின் தண்ணீரை குளிர வைக்கும் ஏற்பாடு செய்கிறார்கள். பஞ்சு தீ மாதிரி விடிய விடிய புகையும் தீயில் இந்த சின்ன குழாய் அடைத்துக்கொண்டால் வண்டி முடங்கிப்போகும்.

புதுசுக்கு புதுத் தலைவலி

பழைய எஞ்சினில் டீசல் பம்பு, நாசில், பில்டர். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் யாராக இருந்தாலும் திறந்து பார்க்கலாம். தேனி, கம்பம் லாரி பட்டறைகளில் கண்ணை கட்டிவிட்டாலும் பிரித்து மாட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். நாடு முழுக்க 2017 ஏப்ரலில் பி.எஸ்.4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 கட்டாயமான பிறகு நிலைமை மாறியது. எஞ்சினை கம்ப்யூட்டர் ஆளுகிறது. கோளாறு என்றால் முதலில் லேப்டாப்பை சொருகித்தான் பார்க்க வேண்டும்.

புகைக்குழாயில் கரி வடிகட்டி ஒன்று இருக்கும். அதில் கரி சேர்ந்தால் எஞ்சின் தானாகவே சூட்டை ஏற்றி எரித்து சுத்தம் செய்யும். அப்போது உள்ளே 500, 600 டிகிரி வரை சூடு போகும். காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தி வைத்திருந்தால் என்ன ஆகும்? தீயை அணைக்க வந்த வண்டியே தீ வைத்த கதையாகிவிடும். அதேபோல ஆட்புளூ என்ற யூரியா திரவம் தனி தொட்டியில் ஊற்ற வேண்டும். அது தீர்ந்தால் கம்ப்யூட்டர் எஞ்சின் சக்தியை குறைத்துவிடும். லாரி என்றால் ஓரமாக நின்றுவிடலாம். தீயணைப்பு வண்டி நிற்க முடியுமா?

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினை பெரிதாக எழுந்தது. 2012ல் அந்நாட்டு சுற்றுச்சூழல் அமைப்பு, தீயணைப்பு வண்டி, ஆம்புலன்சுகளில் புகைக் கட்டுப்பாட்டு கருவியால் சக்தி குறையாதபடி அமைத்துக்கொள்ள விதியை தளர்த்தியது. நம் ஊரில் வண்டி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

15 வயசானால் வெளியே!

2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவை புதுப்பிக்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டு வந்தது. நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு தரப்பட்டது. அந்த விலக்கு வாசகத்தில் தீயணைப்பு வண்டி என்று தனியாக எழுதவில்லை.

இதில் ஒரு நியாயமும் உண்டு, ஒரு நெருடலும் உண்டு. தீயணைப்பு வண்டி மற்ற லாரி மாதிரி லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவதில்லை. ஷெட்டில் நிற்கும் நேரமே அதிகம். எஞ்சின் திடமாகவே இருக்கும். ஆனால் கிலோமீட்டர் மீட்டர் காட்டாத சமாச்சாரம் நிறைய. நின்று கொண்டே மணிக்கணக்கில் பம்பு ஓட்டியது மீட்டரில் ஏறாது. தண்ணீர் தொட்டி துருப்பிடிக்கும். ரப்பர் குழாய்கள் ஓடாவிட்டாலும் வெடிக்கும். பிரேக்கில் காற்று கசியும். காற்று பிரேக் வண்டியில் இரவில் காற்று இறங்கிவிட்டால், காலையில் எஞ்சினை ஓடவிட்டு அழுத்தம் ஏறிய பிறகுதான் நகர்த்த முடியும். தீ விபத்து அழைப்பு வந்த பிறகு அந்த இரண்டு நிமிடம் யாருக்கு இருக்கிறது? நிலையங்களில் தினமும் காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து உறும விடுவது இதற்காகத்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கோபப்பட வேண்டாம்.

பழசை எடுக்கும் அதே நாளில் புதுசு வந்து நின்றால் பிரச்சினை இல்லை. இடையில் மாதக்கணக்கில் ஷெட் காலியாக இருந்தால், 8 குதிரை வண்டி கூட இல்லாத நிலைமை ஆகிவிடும்.

எந்தக் குதிரையும் ஏறாத இடம்

2018 மார்ச் 11ந் தேதி குரங்கணி மலையில் காட்டுத் தீ. மலையேற்றம் போனவர்கள் கொழுக்குமலையில் இருந்து இறங்கும் வழியில் சிக்கினார்கள். 20க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர் வரவழைக்கப்பட்டது. காயம்பட்டவர்களை தோளில் சுமந்தும் டோலி கட்டியும் கீழே கொண்டு வந்தார்கள்.

அன்றைக்கு எத்தனை குதிரைசக்தி வண்டி இருந்திருந்தாலும் குரங்கணி ஊரோடு நின்றிருக்கும். அதற்கு மேல் ரோடு இல்லை. சரிவில் காய்ந்த புல், மேல்நோக்கி அடிக்கும் காற்று. தீ மேலே ஏறும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. காட்டுத் தீக்கு வனத்துறை போடும் தீத்தடுப்புக் கோடுகள், எதிர்த்தீ, பச்சைக் குழையால் அடிப்பது எல்லாம்தான் ஆயுதம். பெரிய வண்டிக்கு அங்கே வேலை, அடிவாரத்தில் நின்று தோட்டத்தையும் வீட்டையும் காப்பது மட்டுமே.

மலைக் கிராமங்களுக்கு பொருத்தமானது சிறிய வண்டி. ஜீப், பிக்கப் அளவு சேசில் சில நூறு லிட்டர் தண்ணீரும் உயர் அழுத்த பம்பும் வைத்த வண்டி. குதிரைசக்தி குறைவுதான். ஆனால் எடை மூன்று நான்கு டன்தான் என்பதால் டன்னுக்கு கணக்கு போட்டால் பெரிய வண்டியை முந்திவிடும். நான்கு சக்கர இழுவை இருந்தால் எஸ்டேட் ரோட்டிலும் ஏறும். ஒரு குடிசை, ஒரு ஏலக்காய் ஸ்டோர், ஒரு கார் தீக்கு அது போதும்.

சமவெளியில் தாமதத்துக்கு எஞ்சின் காரணமே அல்ல. தேனி நேரு சிலை பகுதியில் மாலை நேர நெரிசலில் 100 குதிரையும் ஒன்றுதான், 200 குதிரையும் ஒன்றுதான். 2022 மே மாதம் மதுரை - தேனி ரயில் திரும்ப ஓடத் தொடங்கி, 2023 ஜூனில் போடி வரை நீண்ட பிறகு, ரயில் கேட் மூடும் நேரத்தையும் டிரைவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தீ விபத்து என்றால் 101 அல்லது 112க்கு போன் செய்யலாம். ஊர் பெயரோடு நிறுத்திவிடாமல் நான்கு விஷயம் சேர்த்து சொன்னால் எந்த வண்டியை எடுப்பது என்று நிலையத்தில் உடனே முடிவு செய்ய முடியும். என்ன எரிகிறது, லாரி போகிற அகலம் ரோட்டுக்கு இருக்கிறதா, வழியில் தாழ்வான மின்கம்பியோ பாலமோ உண்டா, பக்கத்தில் தண்ணீர் எடுக்க வாய்க்கால், கிணறு, தொட்டி எது இருக்கிறது. கிணறு என்றால் தண்ணீர் எத்தனை அடியில் கிடக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.